நான் ஓட்டினால் மட்டும் நின்ற கார்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பதைத் தாண்டிய பிறகுதான். வீடு சிங்காநல்லூரில். வேலை பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில், நூலின் தரத்தைப் பரிசோதிக்கும் பிரிவில். பல வருடங்கள் மில் வேனில்தான் போய்வந்தேன். மகள் படிப்புக்காகச் சென்னைக்குப் போன பிறகு, "இனி உனக்குக் காலங்காத்தால அத்தன அவசரமில்லயே, வண்டி பழகிக்க அம்மணி" என்று கணவர்தான் கிளப்பிவிட்டார். ஒரு கை மாறிய சின்னக் கார் ஒன்று வாங்கினோம்.

முதன்முதலாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் மில் வாசலில் நிறுத்திய அன்று, வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அந்த சல்யூட்டுக்காகவே கொஞ்ச காலம் லீவு போடாமல் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஒரு வருடத்துக்கும் மேலாகக் கார் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை, சூலூரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறேன், வண்டி இழுக்கவில்லை. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. எப்படியோ ஓரங்கட்டி இறங்கினேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே எதைப் பார்ப்பது என்று தெரியாததால் திறக்கவில்லை. காரைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு ஒண்டிப்புதூர் வரை போய்வந்தார். ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் அவரே ஓட்டினார். அப்போதும் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை நான் ஓட்டிப்போனேன், காரணம்பேட்டைக்கு முன்னால் நின்றது.

"க்ளட்ச்ச வெடுக்குன்னு உட்டுட்டயோ என்னமோ" என்றார் கணவர். கிண்டலில்லாமல், அக்கறையாகத்தான் சொன்னார். அவர் பம்ப்செட் விற்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஊர் ஊராக வண்டி ஓட்டியே பழகியவர். அவருக்கு நிற்காத கார் எனக்கு மட்டும் நின்றால், குறை காரில் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நான் க்ளட்ச்சைத் தொடவே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தொட்டிருப்பேனோ என்று ராத்திரி படுக்கையில் வலது காலையும் இடது காலையும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் விட்டோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், எந்தக் கோளாறையும் அது காட்டவில்லை. அவர்களுடைய டிரைவர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். சாயங்காலம் சாவியைக் கொடுத்தபோது, "வண்டி சூப்பரா இருக்குதுங்க மேடம்" என்றார். பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கியிருந்தார்கள். அதன் பிறகு சில வாரங்கள் கார் நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் மறுபடி நின்றது. நேரங்காலமே கிடையாது. வெயிலில் நிற்கும், மழையில் ஓடும். மறுநாள் மழையில் நின்று வெயிலில் ஓடும்.

அந்தச் சமயத்தில் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, கண் ஆபரேஷனுக்காகத் தாராபுரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு நாள் செக்கப்புக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் அங்குள்ள மேம்பாலத்தில் ஏறினேன். ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் அடங்கிவிட்டது.

கார் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால் இறங்கவே இல்லை, கட்டையாய் நின்றது. கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னாடியே கோழிக்கூண்டுகள் அடுக்கிய லாரி. அதன் முகப்புதான் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. "மாதாவே" என்றார் அத்தை. எனக்கு அதுகூட வரவில்லை.

லாரி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, திட்டுவதற்கென்றே வேகமாக வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அத்தையையும் என் முகத்தையும் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, பாலத்து மேல வந்து இப்படி நிறுத்தலாமுங்களா?"

"நான் நிறுத்தலைங்க, அதுவா நின்னுபோச்சுங்க."

"செரி, சித்தே எறங்குங்க."

நான் இறங்கினேன். அவர் ஒரு காலை ரோட்டில் ஊன்றியபடியே சீட்டின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட் ஆனது.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

அவர் உதவிதான் செய்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அதற்குள் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன். அன்று இரவு சாப்பாட்டின்போது கணவர் தட்டைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளைக்கு மில் வேன்லயே போயிட்டு வாயேன் கண்ணு. எனக்கு ஆபீசுல இருப்பே கொள்ள மாட்டேங்குது" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. சரி என்றேன். மறுநாள் வேனில் ஏறியபோது பழைய சிநேகிதிகள் ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் பேசவே பிடிக்காமல் தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் விடவில்லை. மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அவ ஓட்டறப்ப நானும் உள்ளதான இருந்தேன். அவ எதையும் தப்பா பண்ணலைப்பா. நல்லா ஏறிட்டு இருந்த வண்டி, பொட்டாட்டம் அடங்கிப்போச்சு. வேற யாருகிட்டயாச்சும் காட்டு."

கணவரின் ஆபீசில் ஒருவர், மதுக்கரை ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையைச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை கணவர் கிளம்பினார். நானும் கிளம்பினேன். "நானும் வாரேன், சாட்சி வேணுமல்ல" என்று அத்தையும் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கணவர் ஓட்டினார். போகும் வழியில் கார் நிற்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பட்டறைக்காரருக்கு எங்களைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். நல்ல உயரம். பேசிக்கொண்டே இருக்கும் சுபாவம். தன் வேலையைப் பற்றிப் பெருமையும் உண்டு. தான் கண்டுபிடித்த கோளாறுகளின் கதைகளை வரிசையாகச் சொன்ன பிறகே எங்கள் கதையைக் கேட்டார். ஆனால் கேட்க ஆரம்பித்ததும் ஒழுங்காகக் கேட்டார்.

"நிக்கறப்ப மீட்டர்ல லைட்டெல்லாம் எரிஞ்சுதுங்களாக்கா?"

"எரிஞ்சுதுங்க."

"பாட்டு, ஏசி?"

நான் யோசிப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "பாட்டு பாடிட்டேதான் இருந்துது கண்ணு. லாரி பின்னால வந்து நிக்குது, நான் மாதாவக் கூப்புடறேன், இது பாட்டுக்குப் பாடுது. எனக்குக் கோவமே வந்துபோச்சு."

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப பேட்டரி மேல பழி போட முடியாதுங்க. கரண்ட் இருக்குது. எஞ்சினுக்குப் போற ஏதோ ஒன்னு மட்டும் அப்பப்ப அந்துபோகுது. பெட்ரோல் பம்புக்குப் போறதா இருக்கோணும், இல்லீன்னா ஸ்பார்க்குக்குப் போறது. நிக்கறப்பப் புடிச்சாத்தானுங்க தெரியும். ஓட்டிப் பாத்தர்லாம், சாவி குடுங்க."

கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, என் கணவர் தள்ளியிருந்தது போதாமல் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினார். டக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. என் கணவரும் காரில் ஏறியதும் முதலில் அதைத்தான் செய்வார். சர்வீஸ் சென்டர் டிரைவர் ஓட்டிய அன்றும் சீட் பின்னால்தான் கிடந்தது. நான் முன்னால் இழுத்துக்கொண்டது நினைவிருந்தது. நான் குள்ளம். முழுக்க முன்னால் இழுத்துப் போட்டால்தான் எனக்கு க்ளட்ச் எட்டும். மில்லில் பத்து மெஷின் ஓடும்போது ஒன்றில் மட்டும் நூல் அறுந்தால், அந்த ஒன்று மற்றதிலிருந்து எதில் வேறுபடுகிறது என்றுதான் தேடுவோம். அந்தக் கேள்வியை என் காரிடம் கேட்க எனக்கு இத்தனை மாதம் தோன்றவில்லை.

"ஏனுங்க, சீட்டை நான் உக்கார்ற மாதிரி முன்னால இழுத்து ஓட்டிப் பாருங்களேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு சீட்டை, என்னை, என் கணவரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து உட்காரப் பார்த்தார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"நம்மளால ஆகாதுங்கக்கா. நீங்களே ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

பின்சீட்டைத் தூக்கினார். அதன் அடியில்தான் பெட்ரோல் பம்ப் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் போகும் வயரில் சின்ன விளக்கு ஒன்றை மாட்டிக் கையில் வைத்துக்கொண்டார். பம்புக்குக் கரண்ட் போகிறவரை விளக்கு எரியும். கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலில் அமர்ந்து ஜெபமாலையை எடுத்தார்.

பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் ஸ்டியரிங்கைத் தொடுகிறேன். சிமெண்ட் லாரிகள் போய்ப் போய் மேடும் பள்ளமுமாகக் கிடந்த ரோடு. போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். கார் அருமையாக ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக, நின்றுபோ, தயவுசெய்து நின்றுபோ என்று ஒரு வண்டியிடம் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். ஸ்டியரிங் கனத்தது.

"நின்னுபோச்சு! நின்னுபோச்சுங்க!" என்று நான் கத்தினேன். பின்னாலிருந்து அவர் அதைவிடச் சத்தமாக, "லைட்டு அணைஞ்சுதுங்கக்கா! பம்புக்குக் கரண்ட் வரலீங்க! அசையாதீங்க, அப்படியே இருங்க!" என்றார். என் கணவர் என் பக்கம் திரும்பினார். என் தோளில் கை வைத்தார்.

சாவி போட்டபடியே இருந்தது. பட்டறைக்காரர் பின்னாலிருந்து ஒரு வயரை நீட்டி பம்புக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார், பம்ப் ஓடியது. எடுத்தார், நின்றது. "இப்ப எறங்குங்கக்கா, சாவியத் திருப்பிப் பாப்போம்" என்றார். நான் இறங்கியதும் அவர் வெளியில் நின்றே சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, விளக்கும் எரிந்தது. நான் ஏறி உட்கார்ந்து இரண்டு தரம் அசைந்தேன். அணைந்தது. ரோட்டோரத்தில் மூன்று பெரியவர்கள் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

பட்டறைக்குத் திரும்பி சீட்டைக் கழற்றினார்கள். முந்தைய மழைக்காலத்தில் கதவு வழியாகத் தண்ணீர் இறங்கித் தரை விரிப்பு நாறிப்போனதால், ஒரு கடையில் கொடுத்துப் புதிதாகப் போட்டிருந்தோம். அப்போது சீட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டியவர்கள், அடியில் போகும் வயர்க் கட்டை ஒழுங்காக ஒதுக்கவில்லை. சீட்டைத் தாங்கும் இரும்பின் முன்கால் ஒரு வயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மேலே உறை லேசாக நசுங்கியதுபோலத்தான் தெரிந்தது. பட்டறைக்காரர் உறையைக் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு இழைகள் ஏறக்குறைய எல்லாமே அறுந்து, நாலைந்து மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. சீட் பின்னால் இருந்தால் பாரம் பின்கால்களுக்குப் போய்விடும், இழைகள் தொட்டுக்கொள்ளும். நான் முன்னால் இழுத்து உட்கார்ந்தால் பாரம் முழுக்க அதன் மேல். ஒரு குலுங்கல் போதும், விலகிவிடும்.

நல்ல வயரை இணைத்துப் பற்றவைத்து, உறை மாட்டி, இரும்பை விட்டுத் தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார். அதையும் ரசித்து ரசித்துச் செய்தார். "அக்கா, இத நீங்கதான் கண்டுபுடிச்சீங்க. ஆனா நான் எல்லார்த்துகிட்டயும் நான் கண்டுபுடிச்சேன்னுதான் சொல்லுவேன்" என்றார். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு அப்போது யார் மேலும் கோபமில்லை, அந்த விரிப்புக் கடைக்காரர்கள் மேலும்கூட. உடம்பிலிருந்து பெரிய மூட்டை ஒன்றை இறக்கி வைத்ததுபோல இருந்தது. என் காலிலோ கையிலோ புத்தியிலோ எந்தக் கோளாறும் இல்லை.

கிளம்பும்போது கணவர் சாவியை என்னிடம் நீட்டினார். "க்ளட்ச்ச உடறயான்னு கேட்டேன் பாரு..." என்று தொடங்கினார்.

"வந்து ஏறுங்க, பசிக்குது" என்றேன்.

அடுத்த வாரம் முழுவதும் மில்லுக்குக் காரில்தான் போனேன். ஒவ்வொரு வேகத்தடையைத் தாண்டியதும் மீட்டரை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். வாரக் கடைசியில் பார்க்கவே மறந்துவிட்டேன்.

அத்தையின் கண் தெளிந்தது. அவரை ஊரில் விடத் தாராபுரத்துக்குக் கிளம்பினோம். பல்லடம் தாண்டிக் காற்றாலைகள் தெரியத் தொடங்கியதும் அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "றெக்கை தனித்தனியாத் தெரியுதே!" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் கணவர் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அமராவதிப் பாலம் வந்ததும் ஆற்றில் தண்ணீர் போவதைக் காட்ட அவரை எழுப்பப் போனேன்.

"எழுப்பாத கண்ணு, தூங்கட்டும்" என்றார் அத்தை. "நீ ஓட்டு."