சிப்பி வலைகளை வெயிலில் காயவைத்த அண்ணன்

எங்கள் அண்ணன் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட, மீசை முளைக்கும் முன்பே படகேறி எங்களைக் காப்பாற்றினார். தண்ணீரைக் கண்டு நடுங்கி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெல்டிங் வேலைக்கு ஓடிய மீனவன் அடியேன். "இவனுக்கு நெருப்பு பரவால்ல, தண்ணிதான் பேஜாரு" என்று அண்ணன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அண்ணி பிரசவத்தில் பிள்ளையோடு மறைந்தபின் அவர் வேறு துணை தேடவில்லை. ஏரியில் சிப்பி வளர்த்துப் பார்க்க வந்தவர்கள் கழிகள் நட்டு, வலைக்கூடுகள் கட்டி, அவரைக் காவலுக்கு வைத்தார்கள். "இதுங்க எதிர்ப்பேச்சு பேசாது பாரு" என்று சிரிப்பார். கூடச் சிரிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

பாசியும், கல்போல் இறுகும் கொட்டலசுப் பூச்சியும் ஒட்டி வலைக்கண் அடைத்துக்கொண்டால், உள்ளே நீரோட்டம் நின்று சிப்பி செத்துவிடும். அண்ணன் மருந்து எதுவும் பூசியதில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு வலை வைத்திருந்தார். ஒன்று தண்ணீரில் இருக்கும், மற்றது கரையில் வெயிலில் காயும். காய்ந்ததைக் கழியால் தட்டி உதிர்த்து, சிப்பிகளை அதற்கு மாற்றுவார். நான் உதவப் போனால் வழுக்கி விழுந்து, "அண்ணே, போறேன்" என்று அலறுவேன். எங்கிருந்தாலும் அவர் குரல் வரும்.

"இடுப்புத் தண்ணிதான் நைனா. எய்ந்து நில்லு."

சென்ற ஆண்டு மார்வலியில் படுத்தவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வலைய மாத்திடு. அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

காரியம் முடிந்த மறுநாள் ஏரியில் இறங்கினேன். பாதிச் சிப்பிகளை மாற்றியிருந்தபோது ஏதோ காலைச் சுற்றியது. பாசிதான். பாம்பு என்று என் வீரம் முடிவு செய்தது. விழுந்தேன். "அண்ணே" என்று கத்திவிட்டு, குரல் வரும் என்று காத்திருந்தேன். ஏரி சும்மா இருந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. நானே எழுந்து நின்றேன். இடுப்பளவுதான். மீதிச் சிப்பிகளையும் மாற்றி முடித்தேன்.

கரையில் பக்கத்து வீட்டுக் குப்பன் மாமா வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்ட்டது காதுல வியலியா மாமா?"

"வியுந்துச்சி. நீ அவனத்தானே கூப்ட்ட. நான் எப்டிடா பதில் சொல்றது?"

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், துக்கவீட்டுக்குச் சோறு வடித்துக் கொண்டுவந்த குப்பத்துப் பெண்களுக்கும், அன்று பதில் சொல்லாமல் இருந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சிப்பிகள் உயிரோடு இருக்கின்றன. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வலை மாற்றப் போகிறேன். இப்போதும் விழுகிறேன். கத்துவதில்லை.