வியட்நாம் மொய்

மாரீஸ்வரி என் அடுத்த வீட்டுக்காரி. தாராவியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். தோல் பை பட்டறையிலிருந்து கைப்பிடிகளை மூட்டையாக வாங்கி வந்து, பிசிறு வெட்டிப் பசை தடவி ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. வாய் கொஞ்சம், வேலை அதிகம். அப்படிப்பட்டவளை ஒரு வாரம் நின்ற இடத்தில் நிற்க விடாமல் ஆட்டி வைத்தது ஒரு நீல நோட்டு.

அவள் மகள் ஷர்மிளாவுக்குச் சடங்கு வைத்தார்கள். மைக்கில் மொய் வாசித்தவர் பூலோகம். எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். நூற்றியொன்றையே ஏதோ பதவியேற்பு மாதிரி வாசிக்கிற மனுஷன். அன்றைக்கு மாரீஸ்வரி புருஷன் இசக்கிராஜின் சித்தி மகன் தளவாய் வந்திருந்தான். சரக்குக் கப்பலில் சமையல் வேலை, லீவில் வந்திருக்கிறான். அவன் கவரைப் பிரித்த பூலோகம், "வடாலா தளவாய், ஐநூத்தியொண்ணு!" என்றவர் நிறுத்தினார். "இருங்கய்யா, இருங்க. கூடவே வியட்நாம் நாட்டுப் பணம்... அஞ்சு லட்சம்!"

பந்தியில் இலைக்குக் குனிந்திருந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. தளவாய் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்த அவன் அம்மா முப்பிடாதியம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். சாம்பார் வாளியோடு எதிரே நின்றதால் நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் இசக்கிராஜ் வாசலில் நின்று ஊருக்கே கணக்குச் சொன்னார். குர்லாவில் லேத் பட்டறை வேலை அவருக்கு.

"குவைத் தினாரு ஒண்ணு நம்ம பணத்துல முந்நூறுக்குப் பக்கம். சவூதி ரியாலு இருவதுக்கு மேல. எந்த வெளிநாட்டுப் பணமாவது நம்ம ரூவாயவிடக் கொறச்சல்னு கேட்டிருக்கியளா?"

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எங்கள் சந்திலிருந்து வெளிநாடு போனவன் எல்லாம் அரபு நாட்டுக்குத்தான் போனான். வேறு பணத்தைக் கண்டவர் யார்?

ஷர்மிளா போனில் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, சத்ரா சௌ காட்டுது. ஆயிரத்தி எழுநூறு."

"சைபரை முழுங்கியிருப்ப. அஞ்சு லட்சம் எப்படிட்டி ஆயிரத்தி எழுநூறு ஆவும்?"

"அரே, தீன் பார்... மூணு தடவை அடிச்சேன்ப்பா!"

"போ, போய்ப் படி."

பிடித்தது சனியன். தண்ணீர்க் குழாயில் ஒருத்தி, "ஏளா மாரீ, இனியும் நீயேதான் பசை தடவுவியா, இல்ல ஆள் போட்டுத் தடவுவியா?" என்றாள். விக்ரோலியிலிருந்து ஒரு சொந்தக்காரன் ஆட்டோ வாங்கக் கடன் கேட்டான். சீட்டு பிடிக்கிறவள் இன்னொரு சீட்டு போடச் சொன்னாள். மாரீஸ்வரி கதவைச் சாத்தினால் ஜன்னலில் கூப்பிட்டார்கள். கைப்பிடிகளைத் தலைகீழாக ஒட்டி, பட்டறைக்காரனிடம் முதல்முறையாகத் திட்டு வாங்கினாள்.

அதைவிடப் பெரிய இடி வடாலாவில் இருந்தது. அடுத்த ஞாயிறு தளவாயின் தங்கச்சி மகேஸ்வரி பிள்ளைக்குக் காதுகுத்து. எங்களிடம் மொய் என்பது சும்மா கொடுப்பதல்ல. இன்றைக்கு நீ வைத்ததை நாளைக்கு உன் வீட்டு விசேஷத்தில் நான் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். மாரீஸ்வரி இதுவரை ஒருத்தர் மொய்யையும் நிறுத்தி வைத்தவள் இல்லை. இப்போது அஞ்சு லட்சத்துக்கு மேல் எதை வைப்பது?

முப்பிடாதியம்மாள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. "ஏளா, மாரீ என்ன செய்யப்போறான்னு இங்க எல்லாரும் கேக்காவ. நான் வாயே தெறக்கல. ஒனக்குத் தெரியாததா?"

இசக்கிராஜ் முடிவெடுத்துவிட்டார். மாரீஸ்வரி கழுத்துச் செயினை அடகு வைப்பது, பிள்ளைக்கு ஒரு பவுனில் சங்கிலி போடுவது, நோட்டை மாற்றியதும் மீட்டுவிடுவது. அந்தச் செயின் அவளுடைய அப்பா போட்டதில்லை, புருஷன் போட்டதும் இல்லை. கைப்பிடி ஒட்டி ஒட்டி அவளே வாங்கியது.

"மொதல்ல நோட்டை மாத்துங்க. பிறகு என் கழுத்தப் பாருங்க."

"மாத்துவோம்ளா. என்ன அவசரம்?"

ஒரு நாள் ஓவர்டைம் என்றார், ஒரு நாள் தலைவலி என்றார். மாற்றுகிற கடை அவர் பட்டறைக்கு எதிர்ச் சந்திலேயே இருக்கிறது. அவருக்கு உண்மையைத் தெரிந்துகொள்ள மனசில்லை, அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை என் வாசலில் வந்து நின்றாள். "எக்கா, சேலைய மாத்து. குர்லா போவோம்."

ரயிலில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. நோட்டை எடுப்பாள், தடவுவாள், திரும்ப வைப்பாள்.

"வழுவழுன்னு இருக்குக்கா. பிளாஸ்டிக்கு மாதிரி. கள்ள நோட்டா இருக்குமோ?"

"கள்ள நோட்டுன்னா நல்லதுதான. ஒன் செயின் தப்பிக்கும்."

சிரிக்கவில்லை அவள்.

கடையில் இருந்த ஜீஷான் சின்ன வயசுக்காரன். நோட்டை வெளிச்சத்தில் பிடித்தான், விரலால் சுண்டினான். அசல்தான் என்றான் இந்தியில். அந்த நாட்டில் பெரிய நோட்டே இதுதானாம், பணத்துக்குப் பேர் டாங்காம், பெரிய நோட்டெல்லாம் இப்படிப் பிளாஸ்டிக்கில்தான் அடிக்கிறார்களாம்.

"நம்ம பணத்துல எவ்வளவு?" என்று கேட்ட மாரீஸ்வரியின் கை, தன்னால் கழுத்துக்குப் போயிருந்தது.

"ஆயிரத்து எழுநூறு, ஆண்ட்டி. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே முந்நூறு டாங். இங்கே இதை யாரும் கேட்க மாட்டார்கள். நான் எடுத்தால் ஆயிரத்து நானூறுதான் கொடுப்பேன்."

அவள் நம்பவில்லை. அந்த ஊரில் ஒரு டீ என்ன விலை என்று கேட்டாள். இவன் என்ன கண்டான் என்று நான் நினைத்தேன், ஆனால் அவன் சிரித்தான். "கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தால் இருபத்தைந்தாயிரம் ஆகும். ஆட்டோ ஓட்டுகிறவன்கூட அங்கே லட்சாதிபதி."

மாரீஸ்வரி வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். இருபத்தைந்தாயிரத்தை முந்நூறால் வகுத்துப் பார்த்தாள். எண்பத்துச் சொச்சம். "காப்பி வெலை சரியாத்தான்கா இருக்கு" என்றாள். அந்த நேரத்தில்தான் நோட்டு அவளுக்குப் பிடிபட்டது.

"அப்போ எம்பிள்ள சொன்னது சரிதான்."

"போன் சொன்னதும் சரிதான்."

"அவர்ட்ட சொன்னா அந்தப் பயலும் பொய்யின்னுதான் சொல்லுவாரு."

சொன்னாள். அவரும் அப்படியேதான் சொன்னார். சனிக்கிழமை முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்துகொண்டே இருந்தது. "ஊர்ல எம்மானம் போவுது" என்பது அவர் குரல். "மானத்த ஒங்க கழுத்துலருந்து கழட்டிக் குடுங்க" என்பது அவள் குரல். செயின் கழலவில்லை. ஆனால் நாளைக்கு மைக்கில் என்ன வாசிப்பார்கள் என்ற பதைப்பு அவளுக்கும் குறையவில்லை. மாவாட்டி வைத்துவிட்டு உப்புப் போட்டோமா என்று என்னிடம் வந்து கேட்டாள். எனக்கெப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வடாலாவில் முப்பிடாதியம்மாள் முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். பூலோகம் மைக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்போ தாராவி இசக்கிராஜ் குடும்பம்!" என்று இழுத்தார். இசக்கிராஜ் செருப்பைப் பார்த்தபடி இருந்தார். மாரீஸ்வரி எழுந்து போய்க் கவரைப் பூலோகத்திடம் கொடுக்காமல் மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. தளவாய்த் தம்பி எம்பிள்ளைக்கு வச்சது ஐநூத்தியொண்ணு. வியட்நாம் நோட்டு நம்ம பணத்துல ஆயிரத்தி எழுநூறு. கடையில கேட்டாச்சு. அஞ்சு லட்சம்கிறது அந்த ஊருக் கணக்கு. நான் வைக்கது ரெண்டாயிரத்து ஐநூத்தியொண்ணு. கூட்டித்தான் வச்சிருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.

தளவாய் ஓடி வந்தான். "மைனி, அன்னைக்கே சொல்லணும்னுதான் வாயத் தெறந்தேன். அம்மா மொகத்தப் பாத்தேன்... பேச்சு வரல."

"ஒங்கம்மா மொகத்துக்கு எஞ்செயின் போவப் பாத்துச்சு, தம்பி."

"ஏளா, சபையில வச்சு எம்மவன அசிங்கப்படுத்திட்டியே!" என்று முப்பிடாதியம்மாள் கத்தினாள்.

"சித்தி, ஒங்க மவன் வச்சதுல ஒரு ரூவாகூடக் கொறச்சுச் சொல்லல நான்."

அன்றோடு அந்த அம்மாள் மாரீஸ்வரியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டில் எங்களுக்குப் பாயசம் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இசக்கிராஜ் முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டே வந்தார். தாராவி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாய் திறந்தார்.

"நாளைக்குப் பட்டறையில எல்லாவனும் சிரிப்பான். நானும் பெரிய மனுசனா இருந்துட்டுப் போறேன்னு விட்டிருக்கலாம்லா நீ?"

"ஒரு வாரம் இருந்தீயள்லா?" என்றாள் மாரீஸ்வரி. "எந்திரிங்க, ஸ்டாப் வந்துட்டு."