ஏரியில் பாடு, வயிற்றில் பாடு

“அடுத்தவன் வலையையும் அடுத்தவ வயித்தையும்...” என்று எங்கள் பெரிய நைனா ஒரு பேச்சு சொல்வார். எட்டிப் பார்க்காதே என்று முடியுமா, எண்ணிப் பார்க்காதே என்று முடியுமா, மறந்துவிட்டது. எப்படி முடிந்தாலும் எனக்கு வாய்த்தது அந்த வேலைதான்: சுகாதார நிலையத்தில் குடும்ப நல விளக்கம். நெல்லூர்ப் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டுக்குத் திரும்பியிருந்தேன். தமிழும் தெலுங்கும் படித்தவன் என்பதால், தெலுங்கு மட்டுமே தெரிந்த எங்கள் டாக்டரம்மாவுக்கு வாயும் நான்தான். கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் வந்து சில வருஷமே ஆகியிருந்தது. விளக்கம் சொல்லிப் பிழைக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும், நாம் வாயைத் திறப்பதற்குள் ஊர் பேசி முடித்துவிடும்.

முழுகாதவர்கள்

கர்ப்பம், கலைப்பு என்றெல்லாம் பச்சையாகப் பேசாதே என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் படகைவிட்டு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதவிசாகக் கேட்டேன், “இங்க யாராவது முழுகாம இருக்கீங்களாம்மா?”

ஒருத்தி தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு பிடி இறாலோடு எழுந்தாள். “முழுகாம இருந்தா சோத்துக்கு இன்னா சார் பண்றது?”

கஞ்சி

நர்ஸ் எஸ்தரம்மா கலைப்பு நடக்கும் அறைக்குள் வரமாட்டார். ஆனால் வெளியே வரும் பெண்ணுக்கு அவர்தான் கஞ்சி வைப்பார். மீன் வியாபாரி காதர் பாய் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து வாதத்தைத் தொடங்கினார். உயிர் வந்தபின் தொடக்கூடாது, தாய்க்கு ஆபத்து என்றால் அது வேறு என்று அவருடைய பெரியவர்கள் சொன்னதை எடுத்துவைத்தார். டாக்டரம்மா சட்டத்தை எடுத்துவைத்தார். நடுவில் மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டது.

கடைசியில் பாய் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். “நீயும் பாவம்னுதானே சொல்றே, அப்புறம் இன்னாத்துக்கு அடுப்பு மூட்றே?”

“பாவத்தைக் கர்த்தர் பாத்துக்குவாரு பாய். கஞ்சி ஆறிப்போவுது, நவுருங்க.”

பாடு

எங்கள் ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்று ஊர் முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்கு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது.

பசியாவரம் தனம் நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். ஐந்தாவது தங்கியபோது, இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கலைத்துவிடலாம் என்றாள் தனம். ஊரைக் கேட்காமல் முடியாது என்றான் புருஷன் மாரி. ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து, பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே சட்டப்படி போதும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

“நாளைக்குப் பாட்டுக்கு நிக்கப்போற புள்ளையா இருந்தா இன்னா பண்ணுவே?” என்று ஊர்ப் பெரியவர் தனத்தைக் கேட்டார். “ஊர் முறைனு ஒண்ணு இருக்குதில்ல?”

தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எங்க நைனா செத்தப்ப அவரு பாட்டை எனக்குக் கேட்டேன். பொம்பளைக்கு ஏரியில பாடு இல்லைனீங்க. சரினு போய்ட்டேன். என் வயித்துல உங்களுக்கு எப்ப மாமா பாடு வந்துச்சு?”

மறுநாள் காலை முதல் படகில் தனம் தனியாக வந்தாள். மாரி வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அவர்கள் மூத்த பையன் கல்யாணத்துக்கு இருவருமாக வந்து அழைத்தார்கள், தாம்பாளம் மாரி கையில் இருந்தது. ஆகையால் இனிச் சொல்லலாம்: அன்று காலை டாக்டரம்மா பழக்க தோஷத்தில் தெலுங்கில், “புருஷனுக்குச் சம்மதமா, கேளுங்கள்” என்றார், நான் தமிழில் தனத்திடம், “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டு, அவள் சொன்ன ஆமாவைத் தெலுங்கில் சொன்னேன்.