சங்கு முடியறதுக்குள்ள

இன்றைக்கும் எங்கேயாவது சங்கு ஊதினால் என் வலது கால் தானாக எட்டி முன்னே போய்விடுகிறது. போன வாரம் நுவரெலியாச் சந்தையில் முட்டைக்கோவா பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கோ ஊதிற்று. எட்டிய காலில் கடைக்காரரின் லீக்ஸ் கட்டு நசுங்கிப் போனது. "என்ன டீச்சரம்மா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். எனக்கென்ன வெட்கம்? அது என் அம்மா பழக்கிய கால்.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். பள்ளிக்கூடங்களுக்கிடையே ஓட்டப் போட்டி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள்தான் எனக்குக் கோச். கடிகாரத்துக்கு எங்கே போவது? மாலையில் ஃபெக்டரிச் சங்கு ஊத ஆரம்பித்ததும் எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து நான் பாய வேண்டும். அது ஓய்வதற்குள் பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் கொட்டும் குழாயைத் தொட வேண்டும். கூடையைக்கூட இறக்காமல் அம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு வருவாள். "சங்கு முடியறதுக்குள்ள தொட்டா நீ எம் மக. தொடலைன்னா எரும!"

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் அப்பாவுக்கு இதெல்லாம் கூத்தாகத் தெரிந்தது. எனக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிற வயது வந்திருந்தது. பதிந்துவிட்டால் படிப்பு அவ்வளவுதான், மறுநாளே கூடை. அம்மா ஒற்றைக்காலில் நின்றதில் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். "மொதலா வரட்டும், டவுன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறேன். வரலைன்னா பேர் பதிஞ்சிருவேன். அப்புறம் யாரும் மூக்கச் சிந்தக்கூடாது."

போட்டி நாளில் தலவாக்கலை மைதானமே தேர்த் திருவிழாவாக இருந்தது. எங்கள் லயத்து ஆட்கள் முழுக்க வேலியோரம். கோட்டில் குனிந்து நிற்கிறேன். வாத்தியார் விசிலை வாயில் வைக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் சங்கு ஊதியதே, ஆத்தாடி! நான் பறந்துவிட்டேன். மைதானமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தடுக்க வேண்டிய அம்மாவோ வேலிக்கு வெளியே கூடவே ஓடுகிறாள். "விடாதடி! பீலியத் தொடு!" எல்லைக் கயிற்றைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் மற்ற பிள்ளைகள் எல்லாம் கோட்டிலேயே நிற்கிறார்கள்.

வாத்தியார் நல்ல மனுஷன். "ஒரு தடவ மன்னிக்கிறேன். இன்னொரு தடவ முந்தினா வெளியேதான்" என்றார். மூச்சு இளைக்க மறுபடி வந்து குனிந்தேன். விசில் ஊதியது. மற்றவர்கள் பாய்ந்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. விசிலுக்கு ஓடி எனக்குப் பழக்கமே இல்லையே! போச்சு, நாளைக்குக் கூடைதான் என்று கண் கலங்கியது.

அப்போது வேலியோரத்திலிருந்து வந்தது, "ஊ...ஊ...ஊ..."

அப்பா! இரண்டு கையையும் வாயில் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கச் சங்காக ஊதுகிறார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், என் கால் எழுந்துவிட்டது. ஒருத்தியைத் தாண்டினேன், அடுத்தவளையும் தாண்டினேன். அப்பா மூச்சு வாங்கவே இல்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, நான் கயிற்றைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார். நிறுத்தியவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நான் இரண்டாவதாகத்தான் வந்திருந்தேன். அழுதுகொண்டே அவரிடம் போனேன்.

"எதுக்கு அழுவுற?" என்றார் அப்பா, இன்னும் இரைத்துக்கொண்டே. "மொத தடவ ஓடுனப்ப ஒனக்கு முன்னால ஒருத்தியாச்சும் இருந்தாளா? அப்ப நீதான மொதலு. அம்மாகிட்ட சொல்லு, டவுன் பள்ளிக்கூடத்துக்குச் சட்ட தைக்கணும்னு."

சந்தையில் அன்றைக்கு நசுங்கிய லீக்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்தச் சங்கு ஓயும்வரை நின்று கேட்டேன். சட்டென்று நின்றுவிட்டது. என் அப்பா இன்னும் கொஞ்ச நேரம் ஊதியிருப்பார்.