மேகத்துக்குள் ஒரு வகுப்பு

பெரும்பாறைக்குப் பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஆறாம் வகுப்பில் மேகம் உருவாவதைப் பற்றி ஒரு பாடம் வரும். பிள்ளைகள் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். தேர்விலும் சரியாக எழுதுவார்கள். ஓர் ஐப்பசியில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. “இது என்ன?” என்று கேட்டேன்.

“புகை டீச்சர். காடு விடுற புகை” என்றாள் முதல் பெஞ்சுப் பெண். தோட்டத்தில் மிளகு பறிப்பவர்களின் மகள். எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“இதுவும் மேகந்தான்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. “மேகம் வானத்துல கெடக்கு, இது தரையில கெடக்கு. ரெண்டும் எப்படி டீச்சர் ஒண்ணாகும்?” என்று அவள் கேட்டாள்.

தண்ணீர் கொதிக்கவைத்து ஆவியைக் காட்டினேன். பள்ளித் தொலைக்காட்சியில் அசைபடம் போட்டேன். “அது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படந்தான?” என்று அதையும் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. மேகத்துக்கு உள்ளேயே வாழ்கிறவளுக்கு அதை வெளியிலிருந்து பார்க்க வழியேது?

என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி மலைக்குக் கீழே கன்னிவாடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பள்ளி மொட்டைமாடியில் நின்றால் எங்கள் மலை தெரியும். வீடியோ அழைப்பில் அதை எங்களுக்குக் காட்டச் சொன்னேன். அவள் உடனே சம்மதித்தாள். அதற்கும் அந்த முதல் பெஞ்சுப் பெண் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

“அவங்க காட்டுறது நம்ம மலைதான்னு எப்படி நம்புறது?” சற்று யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: “இங்கருந்து வெயில்ல கண்ணாடி அடிச்சா அவங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

பள்ளிக்குப் பின்னாலிருக்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். வெயில் அடித்த ஒரு காலையில் எல்லோரும் அங்கே ஏறினோம். ஆசிரியர் அறைக் கண்ணாடியை அவள் இரு கையாலும் பிடித்துக் கீழ்நாட்டுப் பக்கம் மெல்லத் திருப்பினாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று கைபேசியில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கூச்சல். திரையில் கருத்த மலை, அதன் தோளில் ஒரு பொட்டு மின்னியது. இவள் கண்ணாடியைச் சாய்த்தாள், பொட்டு அணைந்தது. நிமிர்த்தினாள், மின்னியது.

“நாமதான்டி அது!” என்று குதித்தார்கள்.

உச்சிவெயில் ஏறும் முன்பே சரிவிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது. “மேகம் வருது! உங்க பக்கந்தான் வருது!” என்று கீழேயிருந்து கத்தினார்கள். திரையில் அது ஒவ்வொரு மேடாக விழுங்கிக்கொண்டு ஏறியது. எங்கள் மேல் குளிர் படர்ந்தது. பக்கத்து மரங்கள் மறைந்தன. வெயில் போய்விட்டது, பொட்டும் அணைந்தது. திரையில் மலை தோள்வரை மறைய வெள்ளை முண்டாசு கட்டியிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். மறுபடி திரை.

“டீச்சர், நாம மேகத்துக்குள்ள நிக்கிறோம்!”

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கீழேயிருந்து ஒரு பையன் கேட்டான்: “அக்கா, மேகம் பஞ்சு மாதிரியா இருக்கு? ஏறி உக்காரலாமா?”

என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். “ஏலே, உக்காரவெல்லாம் முடியாது. கையில பிடிபடாது. இந்தா, என் முடியப் பாரு. பூராம் தண்ணி.” நெற்றி மயிரில் கோத்திருந்த துளிகளைக் காமிராவுக்கு அருகே கொண்டுபோனாள்.

“அப்போ காட்டுப் புகை இல்லையா?” என்று சீண்டினேன்.

“புகைன்னா கண்ணு எரியும்ல டீச்சர்? எரியலையே!”

சிக்னல் அறுந்தது. யாரும் கவலைப்படவில்லை. நனைந்த சட்டைகளோடு மேகத்துக்குள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். நானும்தான்.

மறுவாரம், பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்: “விமானம் மேகத்துக்குள்ள போனா, உள்ள இருக்கிறவங்களுக்கு வெளிய என்ன தெரியும்?”

“நம்ம பனிமூட்டந்தான்!” என்று வகுப்பே சொன்னது. அந்த நிமிடம் எனக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் தர வேண்டியிருக்கவில்லை.

அதோடு விட்டார்களா? “அம்புட்டுத் தண்ணியும் கீழ விழாம எப்படி டீச்சர் நிக்குது?” என்று அவள் எழுந்தாள். அதற்கு என்ன காட்டலாம் என்று தேடுவதே அன்று மாலை முழுக்க எனக்குச் சோலியாகிவிட்டது.