சந்தனம் வைத்த குப்பிகள்

"ஆயுத பூசைக்கு மறுநாள். குப்பி இரண்டு. மீன்: ?" 1984ஆம் ஆண்டு ஆய்வக நோட்டில் மேடத்தின் கையெழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் சந்தனக் கறை. அது என் விரல் பட்டது.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் அப்போது அட்டெண்டர். மேடம் அங்கே விரிவுரையாளர். என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்பார். கீழ்பென்னாத்தூர் ஏரியிலிருந்து உயிரோடு வரும் மீனின் வால் துடுப்பில் சிறு துணுக்கு நறுக்கி, மருந்து நீரில் அலசி, கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒட்டவைத்து, கன்றுக்குட்டி சீரம் கலந்த ஊட்டநீரை ஊற்றுவார். சில நாட்களில் துணுக்கைச் சுற்றிச் செல்கள் பரவும். அடி நிறைந்ததும் பெயர்த்துப் புதுக் குப்பிக்கு மாற்றுவார். மாற்ற மாற்ற ஓயாமல் வளர்ந்தால்தான் அது செல் வரிசை. "மாட்டுச் செல்லுக்குத்தாண்ணா சூட்டுப்பெட்டி வேணும். மீனுக்கு நம்ம ஊரு ரூமே போதும்" என்பார். பூஞ்சை பிடித்துப் பலமுறை கொட்டியபின் இரண்டு மட்டும் நிலைத்தன: ஒன்று விரால், ஒன்று கெண்டை. ஓராண்டுக்கு மேல் வளர்ந்திருந்தன. ஊட்டநீர் கம்மியாக இருந்ததால் அந்த மாதம் வகைக்கு ஒரு குப்பிதான். விரால் நோயை ஆராயும் சென்னை ஆய்வகம் ஒன்று விரால் செல்லைக் கேட்டு எழுதியிருந்தது. மேடத்தின் ஆராய்ச்சிப் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

பூசையன்று அவர் வரவில்லை. மைக்ராஸ்கோப், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். குப்பிகளை மட்டும் விட மனமில்லை. சந்தனத்தோடு கிருமி ஒட்டிவிடக் கூடாதே என்று முதலில் இரண்டையும் ஸ்பிரிட்டால் பளபளவென்று துடைத்தேன். கண்ணாடிப் பென்சிலில் எழுதியிருந்த மீன் பெயர்களும் அதோடு அழிந்துபோனது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மேடம் வந்து, பெயர்கள் இல்லாததைக் கண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, இரு முனையும் கூர்ந்த நீளச் செல்கள். துறைத்தலைவர், "எது வேகமா வளருதோ அதை விரால்னு எழுதி அனுப்பிடுங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். "அப்புறம் அவங்க கெண்டைய வெச்சிக்கிட்டு விராலுக்கு மருந்து தேடிட்டு இருப்பாங்க சார்" என்றார் மேடம்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துடைக்கும்போது இடம் மாத்தி வெச்சீங்களா அண்ணா?"

இடப்பக்கம் எப்போதும் விரால்தான். மாற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது, ஆனால் எனக்கே நிச்சயமில்லை.

"ஞாபகம் இல்லீங்க மேடம்" என்றேன்.

அவர் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பொட்டு மட்டும் நேரா வெச்சிருக்கீங்க" என்றார்.

குரோமோசோம்களை எண்ணினால் எது எதுவென்று தெரிந்துவிடும். அந்த வசதி எங்களிடம் இல்லை. நடந்ததை மறைக்காமல் எழுதி, இரண்டு குப்பிகளையும் சென்னைக்கு அனுப்பினார். வேறொரு விராலிலிருந்து மறுபடி தொடங்கினார். பட்டம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் அதன்பின் குப்பிகளில் பெயரைக் கீறித்தான் எழுதினார். நாள்தோறும் தேதியிட்டு நோட்டு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை.

சென்னையிலிருந்து வந்த அஞ்சலட்டை நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குப்பி வழியில் கெட்டுவிட்டது, மற்றது வளர்கிறது, எண்ணிவிட்டு எழுதுகிறோம் என்று இருக்கிறது. அடுத்த கடிதம் நோட்டில் இல்லை. அவர் ஓய்வு பெற்று நோட்டை என்னிடம் தந்தபோது கேட்டேன். வந்ததாக அவருக்கும் நினைவில்லை. இன்று ஒரு துளி இருந்தால் மரபணுச் சோதனையில் எந்த மீன் என்று உடனே சொல்லிவிடுவார்களாம். அந்தத் துளி எங்கே போயிற்றோ தெரியாது. பிழைத்தது விராலா கெண்டையா என்பது இதுவரை உறுதிப்படவில்லை. கறைக்குப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறியை அப்படியே விட்டிருக்கிறேன்.