ரெண்டு பக்கமும் ‘மேல்’

லிஃப்ட்காரர் வீட்டுல எந்தச் சாமானை எடுத்தாலும் அதுல சின்னதா ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர்ல ‘மேல்’னு எழுதியிருக்கும். மிக்ஸி மூடியில இருக்கும், டேபிள் ஃபேன்ல இருக்கும், டிவி ரிமோட்டுல கூட இருக்கும். லிஃப்ட் ரிப்பேர்ல வந்த பழக்கம். எதைக் கழட்டினாலும் எந்தப் பக்கம் மேலன்னு முதல்ல குறிச்சு வச்சுக்கணும். இல்லன்னா மொட்டை மாடிக்குப் பட்டன் அமுக்கினவன் கார் நிறுத்துற இடத்துல போய் முழிச்சுக்கிட்டு நிப்பான்.

“என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிருங்க”ம்பாங்க அவர் சம்சாரம். “காலையில எழுந்ததும் எந்தப் பக்கம் தலைன்னு உங்களுக்குச் சந்தேகம் வந்துடப் போவுது.”

மனுஷன் சிரிக்க மாட்டார். “தேவையில்ல. எந்தப் பக்கத்துலருந்து சத்தம் வருதோ, அதான் மேல்.”

அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஞாயித்துக்கிழமை மீன்பிடிக்கப் போறது. கூட வர்றது மச்சான், அதாவது சம்சாரத்தோட அண்ணன், லாரி டிரைவர். கல்யாணத்தன்னைக்கு மச்சான் கொடுத்த தூண்டில் கம்புதான் இன்னிக்கு வரைக்கும் இவர் கையில. ரெண்டு பேரும் ஏரிப் படிக்கட்டுல உக்காந்தா மீன் கடிக்கிறதைவிட ஒருத்தரை ஒருத்தர் கடிக்கிறதுதான் அதிகம்.

போன மழைக்காலத்துல ஒரு லிஃப்ட் கதவுல அவரோட வலது கட்டைவிரல் மாட்டிக்கிச்சு. விரல் தப்பிச்சுது, ஆனா மடங்காது. எப்பவும் ‘சூப்பர்’னு சொல்ற மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும். மேனேஜர் கத்தும்போதும் சூப்பர்னு நிக்கும். சாவு வீட்டுக்குப் போனா பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவார்.

வேலைக்கு அதனால பெருசா தொந்தரவு இல்ல. தூண்டிலுக்குத்தான் வந்துச்சு வம்பு. அவரோடது கம்புக்கு மேல உக்கார்ற, தூண்டில் நரம்பு சுத்தின ரீல். வீசும்போது உருளை கிறுகிறுன்னு சுத்தும், கட்டைவிரலை அதுமேல வச்சு பிரேக் போடணும். போடலன்னா நரம்பு பொங்கி வந்து காக்கா கூடு கட்டிடும். காயம் ஆறினதும் ஒரு ஞாயிறு மச்சான் கூடப் போய் வீசிப் பார்த்தார். சிக்கெடுத்ததுதான் மிச்சம். அதுக்கப்புறம் “முட்டி வலி மச்சான்”னு சாக்கு சொல்லிக்கிட்டே இருந்தார்.

இப்போ மச்சான் ஊரை விட்டே போறார். இனிமே வெளியூர்ல தன் பொண்ணு வீட்டோட இருக்கப் போறார், திங்கக்கிழமை ரயில். ஃபோன்ல கூப்பிட்டார். “மாப்ள, இந்த ஞாயிறு தான் கடைசி. வர்றியா, இல்ல முட்டி, முதுகு, மூக்குன்னு எதாச்சும் வலிக்குதா?”

“வர்றேன் மச்சான். நீங்க கொடுத்த கம்போடவே வர்றேன்.”

வாய் சொல்லிடுச்சு. ஃபோனை வச்சதும் நேரா தூண்டில் கடைக்குப் போனார்.

தூண்டில் கடைக்காரர் மூக்காலயே பேசுறவர். “அண்ணேங், உங்களுக்கு ஸ்பின்னிங் ரீல்தாங். கம்புக்குக் கீழ தொங்கும். வீசும்போது உருளை சுத்தாது, நரம்பு சுருள் சுருளா தானே கழண்டு போகும். கட்டைவிரலுக்கு லீவு. ஆனா உங்க கம்புல நரம்பு போற வளையமெல்லாம் பொடிசு, சுருள் முட்டிக்கும். பெருசா மாத்துங்க. வளையமும் கீழதான் இருக்கணுங். அப்புறம் பிடியில துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி இருக்குமே, அது மேல வந்து கையை இடிக்குங், அதையும் அறுத்துருங்க. இல்ல, பேசாம புதுக் கம்பே வாங்கிருங்களேங்?”

“வேற கம்பு வேணாம்.”

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜை மேல கம்பை நீட்டினார். முதல் வேலை ஸ்டிக்கர். ரீல் உக்கார்ற பக்கம் ‘மேல்’. பழைய வளையத்தையெல்லாம் பிளேடால வழிச்சு எடுத்தார். புது வளையம் கீழ வரணும், அப்போ ஸ்டிக்கருக்கு எதிர்ப்பக்கம். சரிதானே? சம்சாரத்தோட தையல் பெட்டியிலருந்து நூலை எடுத்து, ஒவ்வொரு வளையத்தோட காலையும் சுத்திச் சுத்தி இறுக்கி, மேல பிசின் தடவினார். நகைக்கடையில வைக்கலாம், அவ்வளவு அழகு.

சனிக்கிழமை சாயங்காலம் பிசின் காஞ்சதும் புது ரீலை மாட்டினார். ரீல் மாட்டுற பள்ளம் ஒரே பக்கம்தான் உண்டு. வளையம் கீழ இருந்துச்சு. ரீல் மேல நின்னுச்சு.

“ரீலும்ல கீழ வரணும்”னு கம்பைக் கவுத்தார். ரீல் கீழ போச்சு. வளையம் மேல வந்துடுச்சு.

மறுபடி கவுத்தார். வளையம் கீழ. ரீல் மேல.

“ஏங்க, அது என்ன கைக்குழந்தையா? இப்படிக் குப்புறப் போட்டு மல்லாக்கப் போட்டு…”

“சும்மா இரு. ரெண்டும் சேர்ந்து கீழ வரமாட்டேங்குது.”

“ஒண்ணு கீழ போனா இன்னொண்ணு மேல வரும். அதானே உங்க லிஃப்ட்டு?”

கவுத்துப் பிடிச்சா ‘மேல்’ ஸ்டிக்கர் கீழ இருக்குதேன்னு அந்தப் பக்கமும் ஒரு ‘மேல்’ ஒட்டினார். இப்போ ரெண்டு பக்கமும் மேல். தப்பு ரீல் மேலயா, வளையத்து மேலயா, ஸ்டிக்கர் மேலயான்னு அவருக்கே புரியல. பிரிச்சுக் கட்டினா பிசின் விடியுறதுக்குள்ள காயாது. கொக்கியை அறுக்கணுங்கிறதே மறந்து போச்சு.

ஞாயிறு காலையில ஏரிப் படிக்கட்டுல மச்சான் கம்பை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார்.

“மாப்ள, கீழ்னு ஒண்ணு உன் வீட்டுலயே கிடையாதா?”

“கட்டைவிரல் மச்சான். முட்டி வலியெல்லாம் சும்மா.”

“அது காக்கா கூடு கட்டினன்னைக்கே தெரியும். முதல்ல இந்தப் பிடியைக் கழட்டித் திருப்பு.”

“கழட்டுறதா? எதை?”

“யோவ், இது ரெண்டு துண்டுய்யா. பிடி தனி, கம்பு தனி. உன் கல்யாணத்துக்கு நிக்க இடமில்லாத பஸ்ஸுல வந்தேன். பின்ன என்ன, இதை நீட்டிப் பிடிச்சு எல்லார் கண்ணையும் குத்திக்கிட்டா வந்தேன்? மண்டப வாசல்ல வச்சுதான் மாட்டினேன். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் அக்கு அக்கா பிரிச்சுப் போடுற, இத்தனை வருஷமா இதைக் கழட்டவே இல்லியா?”

“கல்யாணத்துல கொடுத்ததை எப்படி மச்சான் கழட்டிப் பார்க்கிறது?”

மச்சான் பிடியை இவர் கையில கொடுத்துட்டு, கம்பைத் தான் பிடிச்சுக்கிட்டார். இழுத்தாங்க. வரல. இத்தனை வருஷமா வீட்டுக் கதவுக்குப் பின்னாலயே நின்னு நின்னு இறுகிப் போயிருந்துச்சு. மறுபடி தம் பிடிச்சு இழுத்தாங்க. டொப்! மச்சான் படியில உக்காந்துட்டார்.

உக்காந்தபடியே கம்பை அரைச்சுத்து திருப்பிச் சொருகினார். ரீலும் வளையமும் ஒரே பக்கம். கவுத்தார். ரெண்டும் சேர்ந்து கீழ.

“இது எப்படி மச்சான்?”

“எனக்கென்ன தெரியும்? வீசு.”

அறுக்க மறந்த கொக்கி இப்போ மேல நின்னுச்சு. மடங்காத கட்டைவிரல் போய் அதுமேல தானா சாஞ்சுக்கிச்சு. பிடி ஆடல. வீசினார். நரம்பு சுருள் சுருளா வளையத்துக்குள்ள ஓடி, ரொம்பத் தூரத்துல ப்ளக்னு விழுந்துச்சு. காக்கா கூடு இல்ல.

ரெண்டு பேரும் மிதவையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மச்சான் கம்புலருந்து ஒரு ஸ்டிக்கரைப் பிச்சுத் தன் சட்டைப் பாக்கெட்டுல ஒட்டிக்கிட்டார்.

“எந்தப் பக்கத்துது மச்சான் அது?”

“யாருக்குத் தெரியும்? போற ஊர்ல எனக்கு எது மேல எது கீழன்னு ஒண்ணும் புரியப் போறதில்ல. இருக்கட்டும்.”

லிஃப்ட்காரர் குனிஞ்சு கட்டைவிரலைப் பார்த்தார். அது வழக்கம்போல சூப்பர்னு நின்னுக்கிட்டிருந்துச்சு.